மகனின் சிகிச்சைக்கு அரசு பணம் தருமா? ஸ்ரீராமபுரம் வாசகிக்குப் பதில்

கேள்வி: எங்கள் மகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாகச் சென்ற ஆண்டு ஒரு தனியார் குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் மாதம் 9,000 ரூபாய் ஆகிறது. என் கணவர் ஒரு தனியார் நிறுவனத்தின் கிடங்கில் மேற்பார்வையாளர். சம்பளம் 19,000 ரூபாய், அதில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். எங்கள் ரேஷன் அட்டையும் மகனின் ஆதாரும் திருப்பத்தூர் முகவரியில் உள்ளன. தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள், சான்றிதழை ஊரிலேயே வாங்கிவிடுங்கள் என்கிறார் என் அண்ணன். அப்படி ஒரு சான்றிதழை வாங்கினால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் முத்திரை விழுந்துவிடும் என்கிறார் மாமியார். பள்ளியிலோ, தனி ஆசிரியை வைக்க மாதம் 8,000 ரூபாய் கட்டினால்தான் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்போம் என்கிறார்கள். அரசாங்கம் எங்களுக்கு ஏதாவது பணம் தருமா? எங்கே போய்க் கேட்பது? எனக்குக் கன்னடம் படிக்கவும் தெரியாது.
— ஒரு தாய், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில் அளிப்பவர்: பெங்களூரில் பணியாற்றும் மருத்துவச் சமூகப் பணியாளர்

அன்புள்ள சகோதரிக்கு,

மாதம் 9,000 ரூபாயை உங்கள் கையிலோ வங்கிக் கணக்கிலோ கொண்டுவந்து சேர்க்கும் திட்டம் எதுவும் உங்கள் குடும்ப நிலைக்குப் பொருந்துவதாக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், அப்படி ஒன்று இருக்கிறது என்று நம்பி அலுவலகம் அலுவலகமாக அலைந்து, பிள்ளையின் பயிற்சிக்கான மிக நல்ல ஆண்டுகளைக் காத்திருப்பிலேயே கழித்துவிட்ட பெற்றோர் இந்த நகரத்தில் பலர் இருக்கிறார்கள். மத்திய, மாநில அரசுகள் இத்தகைய குழந்தைகளுக்காகச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி பெற்றோரிடம் வருவதில்லை. மருத்துவமனைக்கும், பயிற்சி நிறுவனத்துக்கும், சிறப்புப் பள்ளிக்கும் போய், அங்கிருந்து குழந்தைக்குச் சேவையாக வந்து சேர்கிறது. எனவே அரசு ஏற்கெனவே செலவிடும் இடங்களில் உங்கள் மகனுக்கு இடம் வாங்குவதில்தான் உங்கள் முயற்சியின் பெரும்பகுதி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான நுழைவுச்சீட்டு மாற்றுத்திறனாளி சான்றிதழ்.

தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதம் நோயறிதலுக்குப் போதுமானது. அரசுத் திட்டங்களுக்குப் போதாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. அரசால் அதிகாரம் பெற்ற மருத்துவக் குழு பரிசோதித்து 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளித்தால்தான் பெரும்பாலான சலுகைகள் திறக்கும். விண்ணப்பம் இப்போது ஸ்வாவ்லம்பன் இணையதளத்தின் வழியே நடக்கிறது. அதன் முடிவில் சான்றிதழும், யு.டி.ஐ.டி. எனப்படும் நாடு தழுவிய அடையாள அட்டையும் கிடைக்கும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. யாராவது 'செலவாகும்' என்று சொன்னால், அவர் இடைத்தரகர் என்று புரிந்துகொண்டு விலகிவிடுங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வது நல்லெண்ணத்தில்தான். அறிவுசார் குறைபாடோ கடுமையான பாதிப்போ உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருவது உண்மை. ஆனால் அது அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கானது. நீங்கள் வசிப்பதும், உங்கள் கணவர் வேலை செய்வதும், பிள்ளை படிப்பதும் பெங்களூரில். வாழாத முகவரியைக் காட்டி உதவித்தொகை பெற்றால், விசாரணைக்கு வரும் அலுவலர் ஒரே கேள்வியில் அதைக் கண்டுபிடித்துவிடுவார். மாற்றுத்திறனாளிகளுக்கான பலனை ஏமாற்றிப் பெறுவது, அதே சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். தண்டனையை விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. மாநில அரசின் திட்டங்கள் எல்லாம் வசிப்பிடத்தைக் கேட்பவை. மகனின் ஆவணங்கள் திருப்பத்தூரில் நின்றுவிட்டால், அவனுக்குப் பயன்பட வேண்டிய கர்நாடகத் திட்டங்களின் வாசலில் நீங்கள் அந்நியராக நிற்க வேண்டியிருக்கும்.

இதில் ஒரு நல்ல வழியும் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2017ஆம் ஆண்டு விதிகள், வசிப்பிடச் சான்றில் உள்ள மாவட்டத்தின் மருத்துவ அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம் என்பதோடு, அந்தக் குறைபாட்டுக்காகக் குழந்தை சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலேயே விண்ணப்பிக்கவும் இடம் தருகின்றன. ஆகவே நீங்கள் ஓசூர் சாலையிலுள்ள மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தை மனநலப் பிரிவில் மகனைப் பதிவு செய்து, அங்கேயே சிகிச்சை தொடங்கினால், ஆதார் முகவரி மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முகவரி மாற்றத்தையும் பக்கத்திலேயே நடத்திக்கொண்டிருங்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு ரசீது போன்றவற்றை இப்போதே உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ ஒழுங்குபடுத்தி வையுங்கள். பெங்களூரில் வாங்கும் சான்றிதழ் தமிழ்நாட்டில் செல்லாதோ என்ற கவலையும் வேண்டாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அது நாடு முழுவதும் செல்லும் என்கிறது. நாளைக்கு நீங்கள் ஊருக்கே திரும்பினாலும், அதே சான்றிதழை வைத்து அங்குள்ள உதவித்தொகைக்கு நேர்மையாக விண்ணப்பிக்கலாம்.

மாமியாரின் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பெண் எடுப்பது, பெண் கொடுப்பது வரை யோசித்துப் பேசும் தலைமுறை அது. பிள்ளையின் மேல் உள்ள பாசத்தால்தான் பேசுகிறார். அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: சான்றிதழ் உங்கள் பீரோவில் இருக்கும், நீங்கள் எடுத்துக் கொடுத்தால் ஒழிய அக்கம்பக்கத்தார் கைக்குப் போகாது. சிறு குழந்தைகளுக்குத் தரப்படும் சான்றிதழ் பெரும்பாலும் தற்காலிகமானது. குறிப்பிட்ட வயதில் மறுபடியும் பரிசோதித்துப் புதுப்பிக்க வேண்டும். பயிற்சியால் பிள்ளை முன்னேறினால், அந்த முன்னேற்றம் மறுபரிசோதனையில் பதிவாகும். சான்றிதழ் இல்லாததால் ஆட்டிசம் இல்லாமல் போகாது. இல்லாமல் போவது உதவிகள் மட்டுமே.

பரிசோதனை நாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டிசத்தை அளக்க ஐ.எஸ்.ஏ.ஏ. எனப்படும் இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 40 கேள்விகள் உண்டு. பழகும் விதம், உணர்ச்சி, பேச்சு, நடத்தை, புலனுணர்வு, அறிவாற்றல் என்ற ஆறு பகுதிகளாக அவை அமைந்துள்ளன. 70 மதிப்பெண்ணுக்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்றும், 70 முதல் 106 வரை லேசானது என்றும், 107 முதல் 153 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் கடுமையானது என்றும் கணக்கிடுகிறார்கள். விடைகளில் பெரும்பகுதி தாயின் வாயிலிருந்துதான் வர வேண்டும். இங்கேதான் நம் வீட்டுப் பெண்கள் தடுமாறுவதைப் பார்க்கிறேன். மருத்துவர் கேட்டதும், பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராமல், "சாப்பிடுவான் சார், சொன்னால் கேட்பான் சார், எல்லாம் செய்வான் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். நீங்கள் ஊட்டிவிட்டால்தான் சாப்பிடுகிறான் என்றால் அப்படியே சொல்லுங்கள். இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறான், மிக்ஸி சத்தம் கேட்டால் என்ன செய்கிறான், தெருவில் கையை உதறிவிட்டு ஓடுகிறானா என்பதையெல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் எடுத்த ஓரிரு காணொளிகளும் பயன்படும். கூட்டிச் சொல்லவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது. மகன் வீட்டில் கேட்பது தமிழ்தான் என்பதையும், அவனிடம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்டால் பதில் வராது என்பதையும் தொடக்கத்திலேயே தெரிவித்து, தமிழ் தெரிந்த ஒருவர் பேச முடியுமா என்று கேளுங்கள். நிம்ஹான்ஸில் இது வினோதமான கோரிக்கை அல்ல. தமிழ்நாட்டிலிருந்தே அங்கு நாள்தோறும் குடும்பங்கள் வருகின்றன. தரப்பட்ட சதவீதம் நியாயமற்றது என்று தோன்றினால், 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு.

அதோடு ஒரு சிறிய விஷயம். சிறியது என்றாலும் தமிழ்க் குடும்பங்களின் விண்ணப்பங்களை அதிகமாக நிறுத்திவைப்பது இதுதான். நாம் பெயருக்கு முன்னால் போடும் இனிஷியல், பிறப்புச் சான்றிதழில் இருக்காது. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். கணினிக்கு இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு பிள்ளைகள். விண்ணப்பிக்கும் முன் பிறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் மகனின் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி திருத்திக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு திட்டத்திலும் இந்த உழைப்பு உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

இனி, சான்றிதழ் வருவதற்கு முன்பே நீங்கள் பயன்படுத்த வேண்டிய ஒன்றுக்கு வருகிறேன். உங்கள் கணவரின் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டாத தொழிலாளியின் குடும்பம் முழுவதற்கும் அந்தப் பிடித்தத்தில் மருத்துவ வசதி உண்டு. உங்கள் வீட்டுக்கு அருகிலேயே இராஜாஜிநகரில் மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. மகனின் பெயர் குடும்ப உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கணவரின் நிறுவனத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் இந்த வாரமே சேர்க்கச் சொல்லுங்கள். குழந்தை நலப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் அவனைக் காட்டி, மருந்து, பரிசோதனை, கிடைக்கக்கூடிய பயிற்சி ஆகியவற்றை அங்கே பெறுங்கள். உடல் அல்லது மனக் குறைபாட்டால் பெற்றோரின் வருமானத்தையே முழுதாக நம்பியிருக்கும் பிள்ளை, அந்தக் குறைபாடு நீடிக்கும் வரை குடும்ப உறுப்பினராகவே கருதப்படுவார் என்று ஈ.எஸ்.ஐ. சட்டம் சொல்கிறது. வயது வந்ததும் பெயர் நீங்கிவிடும் என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

பயிற்சிச் செலவுக்கு நேரடியாக உதவும் திட்டம் என்று நான் சொல்லக்கூடியது நிராமயா மருத்துவக் காப்பீடு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்காக 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளை இதை நடத்துகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. சேர்க்கும் முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. ஏற்கெனவே உள்ள குறைபாடு என்று சொல்லித் தள்ளிவிடவும் மாட்டார்கள். சேர்க்கைக் கட்டணம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500 ரூபாய். நேரடியாக அல்லாமல், அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். பெங்களூரில் அத்தகைய நிறுவனங்கள் எவை என்பதை அறக்கட்டளையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஒரு லட்சமும் பேச்சுப் பயிற்சிக்கே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வெளிநோயாளிச் செலவு, தொடர் பயிற்சி என்று ஒவ்வொன்றுக்கும் உள்வரம்பு உண்டு. நீங்கள் ஆண்டுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதிதான் திரும்பும். அந்தப் பகுதியும் முதலில் நீங்கள் செலவழித்து, பிறகு ரசீது காட்டிப் பெறுவது. ஆகவே இப்போதிருந்தே ஒவ்வொரு முறையும் தேதி, பயிற்சியின் பெயர், கையொப்பம், முத்திரை உள்ள முறையான ரசீது கேளுங்கள். பேச்சுப் பயிற்சி அளிப்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்றும் கேளுங்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு கட்டாயம். வெள்ளைத்தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுக்கும் மையத்தில் மாதம் 9,000 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்றால், அந்த மையத்தையே மறுபரிசீலனை செய்ய வேண்டியிருக்கும்.

சேவையாக வரும் உதவிகளில் நான் மிகவும் மதிப்பது மைசூரு மானசகங்கோத்ரியில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். மத்திய அரசின் கீழ் இயங்கும் இந்த நிறுவனம், பேச்சு தாமதமான குழந்தைகளைக் குறைந்த செலவில் முழுமையாக மதிப்பிடுவதோடு, வீட்டில் தாய் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுக்கிறது. வாரம் மூன்று நாள் தனியார் மையத்தில் கழியும் நேரத்தை விட, வீட்டில் உங்களுடன் கழியும் நேரமே மிகுதி என்பதால், முறையாகக் கற்ற தாய்தான் பிள்ளையின் முதன்மைப் பயிற்சியாளர். ஒருமுறை கணவரோடு சென்று மதிப்பீடு செய்துகொண்டு வாருங்கள். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து பயிற்சி தரும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் மாவட்ட அளவில் செயல்படுகின்றன. அங்கே பயிற்சி இலவசம். நிம்ஹான்ஸிலோ அரசுப் பொது மருத்துவமனையிலோ பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

மாநில அரசின் மாதாந்திர ஓய்வூதியம் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். நாட கச்சேரி எனப்படும் வருவாய் அலுவலகத்தில் அதற்கு விண்ணப்பிக்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 32,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் வருமானம் அதைப் பலமடங்கு தாண்டியது. வருமானத்தைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெங்களூர் போன்ற நகரத்தில் வாடகை கொடுத்து வாழும் எந்தக் குடும்பத்துக்கு இந்த வரம்பு பொருந்தும் என்று எனக்கும் கோபம் வருவதுண்டு. வரம்பை உயர்த்தச் சொல்லிக் கேட்பதுதான் அதற்கு வழி. மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமோ 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே. மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஆனால் கருவிகள் வழங்கும் அடிப் திட்டத்தில் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு முழுவதும் இலவசம் என்பதால், கற்றல் கருவித் தொகுப்பு கிடைக்குமா என்று சான்றிதழ் வந்த பின் கேட்டுப் பாருங்கள்.

கன்னடம் படிக்கத் தெரியாது என்பதற்காகத் தயங்க வேண்டாம். கர்நாடகத்தில் கிராமங்களுக்கும் நகர வார்டுகளுக்கும் மறுவாழ்வுப் பணியாளர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களும் மாற்றுத்திறனாளிகளே, படிவம் நிரப்ப உதவுவது அவர்கள் வேலை. அம்பேத்கர் வீதியில் விஸ்வேஸ்வரய்யா கோபுர வளாகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல இயக்குநரகத்தில் கேட்டால், உங்கள் பகுதிப் பணியாளர் யார் என்று சொல்வார்கள். மாநில அரசின் குழந்தை மைய நிதியுதவியைப் பெறும் சிறப்புப் பள்ளிகள் உங்கள் பகுதியில் எவை என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் இவ்வளவு என்று அரசு அந்தப் பள்ளிகளுக்கு நிதி தருவதால், பெற்றோரின் சுமை வெகுவாகக் குறையும்.

கடைசியாக, பள்ளி கேட்கும் 8,000 ரூபாய். தனி ஆசிரியைக்கான தொகையைப் பெற்றோருக்குத் திருப்பித் தரும் அரசுத் திட்டம் இல்லை. கட்டத் தொடங்கினால் ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருக்கும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகள் மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்து, அவர்களுக்குத் தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. 31ஆம் பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. அரசுப் பள்ளியில் சேர்த்தால், பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் இத்தகைய குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் ஒதுக்கீடும், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வரும் சிறப்பு ஆசிரியரின் உதவியும் உண்டு. அந்த ஆசிரியர் நாள் முழுவதும் உடனிருக்க மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் இன்னும் சில தமிழ்வழி அரசுப் பள்ளிகள் இயங்குகின்றன; பேச்சே இப்போதுதான் வரத் தொடங்கும் பிள்ளைக்கு, வீட்டில் கேட்கும் மொழியே வகுப்பிலும் இருப்பது பெரிய ஆறுதல் என்பதால், முடிவு செய்யும் முன் ஒன்றையாவது நேரில் பாருங்கள்.

இப்போதைய பள்ளியிலேயே தொடர விரும்பினால், சண்டை போடாமல், ஒரு கடிதம் கொடுங்கள். மகனுக்கு இன்னின்ன உதவிகள் தேவை, அவற்றைப் பள்ளி எவ்வாறு செய்யும், தனிக் கட்டணம் எந்த விதியின் கீழ் கேட்கப்படுகிறது என்று கேட்டு, பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வையுங்கள். பதிலையும் எழுத்திலேயே கேளுங்கள். மறுப்பு வந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, அந்தப் பிரதியோடும் சான்றிதழோடும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். பள்ளியை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. மனுவுக்கு வழக்கறிஞர் தேவையில்லை, தமிழில் எழுதிக் கொடுத்தால் கன்னடத்தில் எழுதித் தர எங்களைப் போன்ற சமூகப் பணியாளர்கள் பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறார்கள்.